ஐந்து சென்ட் வீட்டுக்கு ஒரு பெர்மாகல்ச்சர் சேவை: தண்ணீரில் தேர்ச்சி, செடியில் தடுமாற்றம்

கோவையின் மேற்குப் புறநகரில் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கட்டடம் போக எஞ்சுவது, முன்புறம் கார் நிறுத்தும் இடமும், பக்கவாட்டில் மூன்றடிச் சந்தும், பின்புறம் துவைகல்லைச் சுற்றிய சிறு மண்தரையும்தான். அந்த எஞ்சிய நிலத்தைப் பெர்மாகல்ச்சர் முறையில், அதாவது நீரும் மண்ணும் செடியும் இயற்கையில் போலவே ஒன்றையொன்று தாங்கும்படி வடிவமைத்து, குழாய் வேலை முதல் செடி நடுவது வரை தாங்களே முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு குழுவை எங்கள் வீட்டுக்கு அமர்த்தினோம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எந்தக் குழுவிடம் இந்த வேலையை ஒப்படைத்தாலும், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்ய உதவுவதே இந்த விமரிசனத்தின் நோக்கம்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1970களில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் வகுத்த இம்முறையில், செடி வாங்குவதற்கு முன்பே நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, காற்று எப்பக்கமிருந்து அடிக்கிறது, வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்பவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நீரைப் பொறுத்தவரை இக்குழு இந்த ஒழுங்கை முழுமையாகக் கடைப்பிடித்தது. கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மி.மீ. மழைதான் கிடைக்கிறது, அதிலும் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் செடிகள் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ஆகவே, வீட்டுக்குள் ஒருமுறை பயன்பட்ட நீரை மண்ணுக்குத் திருப்புவதே முதல் வேலை என்று அவர்கள் சொன்னது சரியான தொடக்கம்.

குளியலறை நீரையும் துணி துவைக்கும் இயந்திரத்து நீரையும் கழிவறைக் குழாயிலிருந்து பிரித்து, தனிக் குழாயில் பின்புறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நால்வர் வாழும் வீட்டில் இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 200 லிட்டருக்குக் குறைவதில்லை. அந்த நீர் முதலில் ஒரு கம்பிவலைத் தொட்டியில் இறங்கி, முடியையும் நூலையும் அங்கேயே விட்டுவிட்டு, ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்திக்குள் புகுந்து, கடைசியில் வாழைக்குழிக்கு, அதாவது வந்துசேரும் நீரை உறிஞ்சிக்கொள்ள வாழை நட்ட குழிக்குச் சேர்கிறது. சமையலறைத் தொட்டி நீரை இதில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியின் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் கறாரைப் பாராட்டுகிறேன். துணி துவைக்கும் தூளில் உள்ள சோடியம் களிமண்ணை இறுகச் செய்யும் என்பதால், திரவ சோப்புக்கு மாறச் சொன்னதும் நியாயமானதே.

குழி வெட்டுவதற்கு முன் அவர்கள் செய்த சோதனை குறிப்பிடத்தக்கது. மேஸ்திரி ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் நீர் நிரப்பி முழுவதும் ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பியபின் ஒரு மர அளவுகோலைச் செங்குத்தாகக் குத்திவைத்து, நீர்மட்டம் இறங்குவதைக் கைபேசிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சுவரிலேயே கரித்துண்டால் குறித்துக்கொண்டே வந்தார். எங்கள் மனையில் மேலே கரிசலும் அதன் அடியில் சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கல்லும் இருப்பதால் நீர் மிக மெதுவாகவே இறங்கியது. அதைக் கண்டதும், வரைபடத்தில் ஒன்றாக இருந்த வாழைக்குழியை இரண்டாக்கி, ஒரு திருகுவால்வு வைத்து, ஒன்று ஊறும்போது மற்றொன்று காயும்படி மாற்றினார்கள். நீர் ஒரு நாளுக்கு மேல் தேங்காததால் நாற்றமும் இல்லை, கொசுவும் இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே வடிவமைப்புக் கட்டணமான 6,000 ரூபாய் தகும் என்பேன்.

மழைநீரிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து எல்லா வீட்டு வரைபடத்திலும் ஒரு குழி இருக்கிறது. அதில் பல, வண்டல் மூடிக் கிடக்கின்றன. எங்கள் குழியைத் தூர்வாரி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றத் தனிக் குழாய் வைத்து, அதன்பின் வரும் நீரைச் சம்புக்குத் திருப்பினார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 4,600 லிட்டர். ஓர் ஐப்பசி இரவிலேயே அது வந்துவிடும் என்பதால், சம்பு நிரம்பியபின் வழியும் நீரை உறைகுழிக்கு விட்டது அவசியமான ஏற்பாடு.

தடுமாற்றம் செடியில் தொடங்கியது. அவர்கள் தந்த பட்டியலைப் படித்தால் கோவையை விட்டு ஊட்டிக்குக் குடிபோனது போலிருந்தது. ரோஸ்மேரியும் லாவெண்டரும் வேலியோரத்துக்கு. அதற்கு அடுத்து, நர்சரியில் ஒன்று 150 ரூபாய் விலையுள்ள அலங்காரப் புதர்ச்செடி. காங்கேயம் பக்கம் பிறந்து வளர்ந்த எங்கள் எதிர்வீட்டு அம்மா அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு, வடிவமைக்க வந்த இளைஞரிடம், “ஏங்கண்ணு, வேலிக்கு எதுக்கு இத்தனை காசு? எங்க காட்டு வேலியில கிளுவைக் குச்சிய ஒடிச்சு நட்டாப் போதும், தன்னால துளுத்துக்கும்” என்றார். அவர் சொன்னது காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடுகளின் வழக்கம். கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, காங்கேயம் மாடுகளை மேய்ச்சலுக்குப் பட்டி போடும் அந்த மேய்ச்சல் நிலம், வறண்ட பூமியில் பெர்மாகல்ச்சர் நூல்கள் கேட்பதை எல்லாம் அவை எழுதப்படுவதற்கு வெகுமுன்பே செய்துகொண்டிருக்கிறது. கொங்கு நாட்டில் தொழில் நடத்தும் ஒரு குழுவின் பட்டியலில் கிளுவை இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருந்தது. எங்கள் வேலி இப்போது கிளுவைதான்; அந்த அம்மாவின் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு குச்சி வந்தது.

காற்றையும் அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வீசும் மேல்காற்று இந்தப் பகுதியில் பிறந்த எவருக்கும் தெரியும். முதல் வரைபடத்தில் பப்பாளிகள் மேற்குச் சுவரோரம், மறைப்பே இல்லாமல் நின்றன. சுட்டிக்காட்டியதும் மறுப்பின்றி மாற்றி, அங்கே அகத்தியையும் முருங்கையையும் நெருக்கமாக வைத்தார்கள். அதன் மறைவில் பப்பாளியும் கதளியும் நிற்கின்றன. வாசலுக்கு அருகே கறிவேப்பிலை, புதினா, கீரைப்பாத்தி என்று அன்றாடம் பறிப்பவற்றை வைத்தது மட்டும் முதலிலேயே சரியாக இருந்தது.

மூடாக்குக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணின்மேல் பரப்புவதற்கு, அவர்கள் கொண்டுவந்த தென்னை நார்க்கழிவு கழுவப்படாதது. உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீர் பாயும் மண்ணில் அதையும் கொட்டினால் கீரையின் இலை ஓரம் கருகுவது நிச்சயம் என்பதால், திருப்பி அனுப்பிவிட்டுக் கரும்புச் சோகை கேட்டோம். இப்போது தெருவில் கூட்டிக் குவித்து எரிக்கப்பட்டுவந்த வேப்பிலைச் சருகும் புங்கன் சருகும் எங்கள் பாத்திக்கே வருகின்றன. சருகில் பாம்பு அடையும் என்று பக்கத்து வீட்டார் ஆட்சேபித்தது நியாயம்தான். சுற்றுச்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, நான்கு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்புகிறோம். சமையலறைக் கழிவுக்குத் தந்த மூன்றடுக்கு மண்பானை நன்றாக வேலை செய்கிறது. ஈரக்கழிவுக்குச் சமமாகக் காய்ந்த சருகு போட வேண்டும் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மொத்தச் செலவு 70,000 ரூபாயை ஒட்டி வந்தது. அதில் குழாய், தொட்டி, குழி வேலைகளுக்கு ஆன பங்கு தகுதியானது, செடிகளுக்கு ஆன பங்கு அதிகம். நீர் வேலையை மட்டும் தனியாகச் செய்து தர முடியுமா என்று கேட்டால் முதலில் தயங்குவார்கள், வற்புறுத்தினால் ஒப்புக்கொள்கிறார்கள். மாதம் 1,500 ரூபாய்ப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நாங்கள் எடுக்கவில்லை. அதன் பெரும்பகுதி கம்பிவலையைக் கழுவுவதும் ஜல்லிப் பாத்தியில் முற்றிய கல்வாழையைக் கழிப்பதும்தான். இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும் வேலை. ஆனால் குழாய்களை மண்ணும் சிமெண்டும் போட்டு மூடுமுன், சரிவு எத்தனை, வளைவு எங்கே என்பதை அளவோடு குறித்த படத்தை அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் தருவதில்லை, அடைப்பு எடுக்க வரும் பிளம்பர் அதைத்தான் முதலில் கேட்பார்.