உண்ணி மாத்திரையும் எவர்சில்வர் சம்படமும்: ஏற்காட்டில் என் மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டில் கருப்பன், செம்பி என்று இரண்டு நாட்டு நாய்கள். காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டு வந்தால் காது மடலுக்குள் மிளகு ஒட்டியதுபோல உண்ணி இருக்கும். மூன்று வருடம் முன்பு கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறு வெளுத்துப்போய், சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் படுத்துக் கிடந்தான். அவன் பிழைத்து எழுந்த நாளிலிருந்து உண்ணி மாத்திரையும் பூச்சி மாத்திரையும் வீட்டில் தீராமல் பார்த்துக்கொள்கிறேன். வாங்குவது சுலபம். கெடாமல் வைத்து, நாள் தவறாமல் கொடுப்பதுதான் பெரும்பாடு.

மருந்து வாங்குவது சேலத்தில். 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஏற்காடு குளிர்ந்த ஊர்தானே என்று அந்த வரியை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு மே மாதம், முதுகில் விடும் சொட்டு மருந்தை வண்டி டிக்கியில் வைத்துவிட்டு ஐந்து ரோடு பக்கம் மூன்று மணி நேரம் அலைந்தேன். திரும்பி வந்து தொட்டால் டிக்கி சுட்டது. மருந்தில் பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். "சொன்னபடி வைத்திருந்தால்தாங்க அந்தத் தேதி செல்லும். இதை நம்பாதீங்க" என்றார். அப்புறம் இன்றுவரை, சேலம் போனால் எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் மருந்துக்கடை. வாங்கியதும் தோள்பையில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் நிற்காமல் ஏறிவிடுவேன்.

மலைக்கு மேலே வெயில் பிரச்சினை இல்லை, ஈரம்தான். முதல் வருடம் ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். கரண்ட் போய்ப் போய் வரும் மழை நாட்களில் அட்டைப்பெட்டி நமுத்து, அச்சு கலங்கிவிட்டது. நான் வாங்கும் மாத்திரைகளுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. இப்போது இறுக மூடும் எவர்சில்வர் சம்படம், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், அடுப்பிலிருந்து தள்ளி அலமாரியின் மேல்தட்டு. மேல்தட்டு என்பது முக்கியம். மெல்லும் மாத்திரையில் இறைச்சி வாசம் சேர்த்திருப்பார்கள், நாய்க்கு அது தின்பண்டம்தான். கீழே கிடைத்தால் முழு பெட்டியையும் தின்றுவிடும்.

பூச்சி மாத்திரை அட்டையைப் பாருங்கள். காலாவதி மாதம் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து கிழித்தால், மீதிக்கு வயது தெரியாது. நான் எதிர் ஓரத்திலிருந்துதான் வெட்டுகிறேன். கடையில் தேதியில்லாத துண்டு கொடுத்தால் வாங்குவதில்லை. 06/2026 என்றிருந்தால் ஜூன் கடைசி நாள் வரை என்று அர்த்தம். திறந்த மருந்து பாட்டிலுக்கு இந்தக் கணக்கு ஓடாது. அதில் பிளாஸ்டர் ஒட்டித் திறந்த தேதியை எழுதிவிடுவேன். உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

நாள் நினைவுக்கு முதலில் போன் அலாரம் வைத்தேன். தோட்டத்தில் நிற்கும்போது அடிக்கும், அணைப்பேன், மறந்துவிடும். இப்போது சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர்தான். உண்ணிக்கான ஃபுளூரலேனர் மாத்திரை கொடுத்த அன்றே, அடுத்த மாத்திரைக்கு 84 நாள் எண்ணி, அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து சிவப்புப் பேனாவால் "கருப்பன்" என்று எழுதிவிடுவேன். அன்று காலை முந்தைய தாளைக் கிழித்ததும் பெயர் நேராக முகத்தில் விழும். மருந்து காலாவதியாகும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் முதல் தாளிலும் குறித்து வைப்பேன். இதில் ஒரு ஓட்டை உண்டு. டிசம்பரோடு காலண்டர் தீர்ந்துவிடும். ஒரு வருடம் ஜனவரித் தேதியைப் புதுக் காலண்டருக்கு மாற்றாமல் விட்டேன். பிப்ரவரியில் செம்பியின் விரலிடுக்கில் உண்ணி. இப்போது புதுக் காலண்டர் கைக்கு வந்தவுடன் முதல் வேலை அதுதான்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். செம்பி குட்டியாக இருந்தபோது 4 முதல் 10 கிலோவுக்கான மாத்திரையை மூன்று பெட்டி வாங்கினேன். காலாவதியாவதற்குள் அவள் 10 கிலோவைத் தாண்டிவிட்டாள். இரண்டு பெட்டி தெரிந்தவர் வீட்டுக் குட்டிக்குப் போனது, அதுவும் அவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகு.

காலாவதியானதை ஓடையில் கொட்டக் கூடாது. சொட்டு மருந்தில் இருக்கும் ஃபிப்ரோனில் மீனையும் தேனீயையும் கொல்லும். காப்பி பூக்கும் நாட்களில் தோட்டமெல்லாம் தேனீ இரைச்சல் கேட்கும் ஊர் இது. மீந்ததை ஃபில்டரில் தங்கும் காப்பிச் சக்கையோடு பிசைந்து, கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, நாய் எட்டாத இடத்தில் வைத்திருந்து குப்பை வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.