கலெக்டர் ஆபீஸ் எதிரே இருக்கும் மஞ்சள் பலகை இ-சேவைக் கடை

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்காக எங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்கள், உள்ளே நுழைவதற்கு முன்னால் எதிர் வரிசையில் இருக்கும் இந்தக் கடைக்கு ஒருமுறை போய்விடுங்கள். கடைக்குப் பெயர் கிடையாது. ‘ஜெராக்ஸ், லேமினேஷன், இ-சேவை’ என்று ஒரு மஞ்சள் பலகை, பக்கத்தில் இளநீர் வண்டி. ஆறு மாதம் முன்பே இந்தக் கடை எனக்குத் தெரிந்திருந்தால் என் மனைவி அத்தனை நாள் வெயிலில் நின்றிருக்க மாட்டாள்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அரசுக் காகிதங்களில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்புகளின் மேலுறையைத் தாக்கிக் கெடுக்கிற நோய். 2021இல் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு அறுபது ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். இன்றைக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது. காலையில் வீட்டுக்குள் நடமாடுவாள். வெயில் ஏறினால் கால் பின்னும், பார்வை மங்கும், பேச்சு குழறும். சாயங்காலம் குளிர்ந்த தண்ணீர்த் துணியைப் போட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தெளிவாள். காலையில் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது.

அதுதான் முகாமில் எங்களை அடித்தது. ஊனச் சான்றுக்காக ஒரு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் நடக்கும் முகாமுக்கு 2023இல் கூட்டிப்போனேன். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் இரண்டரைக்குள் திரும்ப வேண்டும். டாக்டர் முன்னால் கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று முந்தின நாள் முழுக்க அவளைப் படுக்க வைத்து, நன்றாகத் தூங்க வைத்து, நல்ல புடவை கட்டி அழைத்துப்போனேன். “நடந்துதானே வந்தீங்க?” என்று கேட்டார் டாக்டர். “ஆமாம் சார்” என்றாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஊனம் 30 சதவீதம் என்று சான்று வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் அவள் நோயின் பெயரே இருக்கிறது. ஆனால் 40 சதவீதம் இல்லையென்றால் எந்த உதவிக்கும் கதவு திறக்காது.

அப்புறம் மறுபடி விண்ணப்பம் போட நான்கு தடவை ஒரு அலுவலகத்துக்கு நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைந்தது. ஒரே மூச்சில் முழுப் பட்டியலையும் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்தாவது தடவை ஜெராக்ஸ் எடுக்கத்தான் இந்தக் கடைக்குள் போனேன்.

கடையை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் கையிலிருந்த சான்றைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கப்போனவர், நிறுத்திப் படித்தார். “அண்ணே, அக்காவுக்கு எம்.எஸ்.ஸா? இதுக்கு முப்பது போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வெளியே ஒருவர் அந்த நோயின் பெயரை நான் விளக்காமலே சொன்னது அன்றைக்குத்தான். அவர் அத்தைக்கு நடுக்குவாதமாம், அவரே அலைந்து அலைந்து கற்றுக்கொண்டதாம்.

அவர் சொன்ன இரண்டு விஷயம்தான் எங்கள் நிலைமையை மாற்றியது. புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள், சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது, மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதித் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள் என்றார். இன்னொன்று: “அக்காவை ஓய்வெடுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க அண்ணே. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். தினமும் எப்படி இருக்காங்களோ அப்படியே டாக்டர் பார்க்கட்டும்.” ஒரு மாதம் நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். எத்தனை மணிக்குக் கால் தளர்ந்தது, எத்தனை தடவை விழுந்தாள், சிறுநீர் அடக்க முடியாத நாட்கள். கடைசியாகச் சொன்னதை எழுத அவள் அழுதாள், நான்தான் எழுதினேன். நரம்பியல் டாக்டரிடம் இ.டி.எஸ்.எஸ். அளவையும் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். இந்த நோயால் உடம்பு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று காட்ட, பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகிற அளவு அது. ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்கவே ஊன்றுகோல் வேண்டும். அவளுக்கு ஆறு.

மறுபடி பார்த்தபோது 55 சதவீதம் போட்டார்கள். மஞ்சள் நிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்தது. பராமரிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இந்தக் கடையிலேயே தயார் செய்தோம். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், வேறு ஓய்வூதியம் வாங்கவில்லை என்று வி.ஏ.ஓ. தரும் சான்று, எல்லாவற்றையும் வரிசைப்படி பின் போட்டுக் கொடுத்தார். ஒரு காகிதமும் திரும்பி வரவில்லை. மொத்தம் 180 ரூபாய் வாங்கினார். வெளியே புரோக்கர் ஒருவர் இதே வேலைக்கு 3,000 கேட்டிருந்தார்.

பணம் வர எட்டு மாதம் ஆனது. மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன் அது 1,500ஆக இருந்தது. அவள் மருந்துச் செலவில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் முதல் மாதம் குறுஞ்செய்தி வந்ததும், “இது என் பேர்ல வந்த காசு” என்று போனை மூன்று தடவை வாங்கிப் பார்த்தாள். தையல் நின்ற பிறகு அவள் பெயரில் வந்த முதல் வருமானம்.

இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்று: 2024 அக்டோபரில் விதி மாறியதிலிருந்து சான்று தர மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். முன்பு ஒரு மாதம். கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. இரண்டு நாற்காலிதான், பிரிண்டர் சூட்டில் உள்ளே நிற்க முடியாது, மின்விசிறி அவர் பக்கம் மட்டும் சுற்றும். எல்லாவற்றையும் விட வாசல் படி. ஒரு முழம் உயரம், கைப்பிடி இல்லை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கால் முடியாதவர்கள். சொன்னேன். கட்டடக்காரர் சாய்தளம் போட விடவில்லையாம். அதனால் ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு கொடுக்கிறேன். படி ஏற முடியாதவர்கள் இளநீர் வண்டிக்காரரிடம் சொன்னால் போதும், அவர் குரல் கொடுப்பார், அந்தப் பெண் காகிதத்தோடு கீழே இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்து நிரப்பித் தருவார். செவ்வாய், வியாழன் பதினொரு மணிக்குள் போங்கள்.