தீர்ப்பாணை கையில் இருந்தும் அமீனாவை நம்பி நான் இழந்த நான்கு ஆண்டுகள்

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிய பெட்டிகளுக்கான 3,40,000 ரூபாயை அதன் உரிமையாளர் தராமல் இழுத்தடித்ததால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 2021இல் வட்டியுடன் தீர்ப்பாணை பெற்றேன். அன்று மாலை வீட்டுக்கு இனிப்பு வாங்கிச் சென்றேன். பணம் வந்துவிட்டதாகவே நினைத்தேன். தீர்ப்பாணை பெற்றவர் மறுபடியும் நிறைவேற்று மனு போட்டால்தான் வசூல் தொடங்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

வழக்கறிஞர் அசையும் பொருள்களை ஜப்தி செய்ய மனு போட்டார். ஜப்திக்குப் போகும் ஊழியருக்கான படியை, அதாவது பேட்டாவை, நீதிமன்றத்தில் கட்டினோம். நீதிமன்ற உத்தரவை நேரில் போய் நிறைவேற்றும் அந்த ஊழியரான அமீனாவிடம் வாரண்ட் போய்ச் சேர்ந்தது. முதல் முறை 'கதவு பூட்டப்பட்டிருந்தது' என்று எழுதித் திருப்பிவிட்டார். இரண்டாம் முறை வண்டிச் செலவு என்று என்னிடம் 2,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் பேட்டா கட்டிய பிறகு ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தத் தொகையும் லஞ்சம்தான். அதை எழுத்து மூலமாக மாவட்ட நீதிபதியிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் செய்யலாம்.

பணம் வாங்கிக்கொண்டும் அவர் போனது பத்து நாள் கழித்துத்தான். அதற்கு முந்தைய இரவே தையல் இயந்திரங்கள் லாரியில் ஏற்றப்பட்டதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். யார் தகவல் சொன்னார்கள் என்பதை என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் வாரண்ட் தேதி அமீனாவுக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும். மூன்றாம் முறை மிச்சமிருந்த நான்கு இயந்திரங்களை ஜப்தி செய்தபோது, அவை தன்னுடையவை என்று கடனாளியின் மைத்துனர் உரிமைக் கோரிக்கை மனு போட, அந்த விசாரணையிலேயே ஒன்றரை ஆண்டு கழிந்தது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ராகுல் எஸ். ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொல்லியிருப்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். வாய்தா கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைச் சுட்டிக்காட்டும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

கடனாளியைச் சிறைக்கு அனுப்பலாமே என்று பலர் சொன்னார்கள். கொடுக்க வசதி இருந்தும் கொடுக்கவில்லை என்பது போன்ற, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நாம் நிரூபித்தால் மட்டுமே அது நடக்கும். அப்படி அனுப்பினாலும் அதிகபட்சம் மூன்று மாதம், அதற்குரிய சாப்பாட்டுச் செலவையும் நாம்தான் கட்ட வேண்டும்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. அந்த நிறுவனம் எனக்கு முதலில் கொடுத்த முன்பணக் காசோலையின் நகல் என் கோப்பிலேயே இருந்தது. அதில் வங்கியும் கணக்கு எண்ணும் தெளிவாக இருந்தன. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21இன்படி அந்தக் கணக்கையே முடக்கக் கேட்டிருக்கலாம். விதி 41இன் கீழ், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வைத்திருக்கலாம். வழக்கு நடக்கும்போதே அவர் சொத்தை மறைக்கிறார் என்று காட்ட முடிந்திருந்தால், தீர்ப்புக்கு முன்னரே ஜப்தி கேட்கவும் வழி இருந்தது. என் வழக்கறிஞர் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அமீனா போனால் பணம் வரும் என்றே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே வழக்குப் போடும் முன்பே காசோலை நகல், ஜிஎஸ்டி எண், அவருக்குப் பணம் தர வேண்டிய வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அவர் பெயரில் நிலமோ வீடோ இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். வீட்டுச் சாமான்களை மட்டும் நம்பாதீர்கள். உடை, சமையல் பாத்திரம், படுக்கை போன்றவற்றை ஜப்தி செய்யச் சட்டமே இடம் தராது.

வழக்கறிஞரை மாற்றி, சென்ற ஆண்டு வங்கிக் கணக்கின் மீது மனு போட்டேன். அதில் 41,000 ரூபாய் கிடைத்தது. விசாரணையில் தாக்கலான கணக்கு அறிக்கையைப் பார்த்தேன்: முதல் வாரண்ட் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அந்த மாதத்தில், அதே கணக்கில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்திருக்கிறது.