ஜிக் ஹெட்டில் பழைய ட்ரவுட் ஃப்ளைகள்: பெயிண்ட் அடைத்த கண்ணும் நானும்

பழைய ட்ரவுட் ஃப்ளை வகைகளை (ட்ரவுட் மீனுக்காக முள்ளில் இறகும் ரோமமும் வைத்துக் கட்டும் பூச்சி உருவங்களை) ஜிக் ஹெட்டில் கட்டலாமா, வாங்கிப் போடட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது மணி கோத்துக் கட்டுகிற ஜிக் ஹூக்கைப் பற்றி இல்லை, முள்ளோடு சேர்த்தே வார்த்த உருண்டை ஈயத் தலையைப் பற்றி. பல சீசனாக அதில் கட்டி வருகிறேன், மீனும் நன்றாகவே மாட்டுகிறது. ஆனால் பேச்சை எடுத்தாலே எனக்கு ஞாபகம் வருவது, தூண்டில் நரம்பைக் கட்டும் துளையான கண்ணை அடைத்துக்கொண்டிருக்கும் பெயிண்ட்தான்.

பாக்கெட்டைப் பிரித்தால் பாதிக்குப் பாதி கண் மூடியிருக்கும். பழைய முள்ளின் முனையால் குத்தி எடுத்துவிடலாம், சரி, ஆனால் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்ட துணுக்கு கண்ணாடிச் சில்லு மாதிரி நரம்பை அறுக்கும். சமீபத்தில் ஒரு நல்ல மீன் ஓடிய ஓட்டத்தில் முடிச்சிலேயே போனது. நரம்பின் நுனி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியது என்று விட்டுவிடலாம், இது நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் கண்ணில் ஒரு கம்பியைச் செருகி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெயிண்ட் இல்லாத வெறும் தலையை வாங்கினாலும் நிம்மதி இல்லை, அச்சில் வார்த்த தழும்பு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் கட்டும் நூல் அதில் பட்டுப் பிரியும். தலைக்குப் பின்னால் ரப்பர் புழுவைப் பிடித்துக்கொள்வதற்கென்று ஒரு ஈயக் கழுத்து வேறு. அதன் மேல் நூல் நிற்காது, பின்னாலிருந்து நூலைச் சுற்றிச் சுற்றி மேடாக்கினால்தான் அடுத்த வேலை.

இத்தனை திட்டினாலும், வூலி பக்கர் என்ற ஃப்ளையைக் கட்ட இதைவிடப் பொருத்தமான முள் எனக்குத் தெரிந்து இல்லை. இழுத்து நிறுத்தினால் தலை முதலில் இறங்கும், மராபூ என்ற மென்மையான இறகில் கட்டிய வால் பின்னால் விரிந்து அலையும், மறுபடி இழுத்தால் ஒடுங்கும். முனை மேலே பார்த்தபடி போவதால் கல்லுக்கிடையில் சிக்குவதும் குறைவு. ஹேர்ஸ் இயர் என்ற ஃப்ளையும் பரவாயில்லை, முயல் ரோமத்தைக் கொஞ்சம் கலைத்து விட்டால் கழுத்தின் அசிங்கம் மறைந்துவிடும்.

பீசன்ட் பறவையின் வால் இறகில் கட்டும் பீசன்ட் டெயில் அப்படியில்லை. இங்கிலாந்தில் ஆவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் அதைக் கட்டியது நூலே இல்லாமல், மெல்லிய செம்புக் கம்பியால். எடை உடம்புக்குள்ளேயே இருக்கும், கால்கூடக் கிடையாது. அந்த ஒல்லி உடம்புக்கு முன்னால் ஒரு குண்டுத் தலை வந்தால் ஃப்ளையில் அவருடையதென்று சொல்ல இறகு மட்டும்தான் மிச்சம். முள் தலைகீழாகப் போவதால் முதுகில் கட்டிய விங் கேஸ் (பூச்சியின் இறக்கை உறை மாதிரியான பகுதி) வயிற்றுக்கு வந்துவிடும், ஆகவே அதை முனை இருக்கும் பக்கமாகக் கட்ட வேண்டும். மீன் இதையெல்லாம் பார்க்கிறதா என்று கேட்டால், பார்க்காது என்றுதான் நினைக்கிறேன், எனக்குத்தான் உறுத்துகிறது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சைக் கட்டவே வேண்டாம். ஒன்றரைச் சுற்று மென்மையான இறகு, நீரோட்டத்தில் தானாகத் துடிப்பதற்காகவே இருக்கும் ஃப்ளை அது. ஈயத்தைக் கட்டி அதைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போவது பாவம்.

அப்புறம், முடிச்சைக் கண்ணின் உச்சியில் நிறுத்திப் பாருங்கள், ஃப்ளை படுக்கை வாட்டத்தில் தொங்கும். ஒரு மீன் இழுத்ததும் அது முன்னால் நகர்ந்துவிடும், ஃப்ளை வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளி வைக்க வேண்டும். போகிற இடத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் முள்ளில் வார்த்த ஈயத்துக்கே அனுமதி இல்லை. ஃப்ளை மட்டும் என்று அறிவித்த நீர்நிலைகள் சிலவற்றிலும் ஜிக் ஹெட்டை ஃப்ளை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆக, வாங்காதீர்கள். மீன் மாட்டுகிறது, சிக்கல் குறைவு, வூலி பக்கர் அருமை, எல்லாம் நான் சொன்னதுதான், இருந்தாலும் வாங்காதீர்கள். அதற்குப் பதில் டங்ஸ்டன் மணி கோத்த ஜிக் ஹூக் இருக்கிறது: டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதே எடைக்குத் தலை சிறிதாகவே இருக்கும், கண்ணிலும் பெயிண்ட் கிடையாது. டப்பாவில் மிச்சமிருக்கும் ஜிக் ஹெட்டையெல்லாம் வூலி பக்கராகவே கட்டித் தீர்க்கப்போகிறேன், இனி நான் வாங்குவது காடி வெட்டிய டங்ஸ்டன் மணியும் 60 டிகிரி வளைவு வைத்த ஜிக் ஹூக்கும் மட்டும்தான்.