லேன் கேபிள்ல கம்ப்யூட்டர் ஓட்டுறவங்களுக்கு, ரொம்ப நாள் யூஸ் பண்ண அனுபவம்

வைஃபைய விட்டுட்டு டெஸ்க்டாப்ப நேரா ரௌட்டரோட லேன் கேபிள்ல மாட்டி சில வருஷம் ஆச்சு. மொத்தத்துல திருப்தி தான், ஆனா வயர் போட்டுட்டா பிரச்சனையே வராதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, வரும். என்ன, வயர்ல வர்றத தேடிப் புடிச்சு முடிச்சுடலாம், வைஃபைல வர்றது பேய் மாதிரி, ஆள் வந்து பாக்கும்போது மட்டும் இருக்காது.

நெட் இழுக்குதுன்னா உடனே கஸ்டமர் கேருக்கு போன் போடாம முதல்ல ரௌட்டருக்கு பிங் (சின்னதா ஒரு சிக்னல் அனுப்பி, பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க. ரௌட்டரோட அட்ரஸ் பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1, ரௌட்டர் அடில ஸ்டிக்கர்ல இருக்கும். கேபிள்ல இருந்தா 1 மில்லிசெகண்ட் அளவுல பதில் வரணும். அது சுத்தமா வந்து 8.8.8.8 (வெளிய இருக்குற கூகுளோட சர்வர்) மட்டும் திணறுச்சுன்னா தான் வெளிய லைன்ல கோளாறு. ரௌட்டருக்கே டைம் அவுட் ஆகுதுன்னா யாரையும் திட்டி பிரயோஜனம் இல்ல, கோளாறு வீட்டுக்குள்ள தான்.

என்ன ரொம்ப சுத்தவிட்டது வேற ஒண்ணு. நெட் கட் ஆகல, லைட் ஒழுங்கா மின்னுது, ஆனா ஸ்பீட் டெஸ்ட் எப்ப போட்டாலும் 94, 95 எம்பிபிஎஸ்லயே நிக்குது, பிளான் அதுக்கு மேல. இந்த நம்பர பாத்தாலே புரிஞ்சுக்கலாம், ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லிங்க் 100 எம்பிபிஎஸ்க்கு இறங்கிடுச்சு. கேபிள்ல 8 கம்பி, 4 ஜோடி, ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும், அதனால மத்த ரெண்டு ஜோடில ஒரு கம்பி விட்டுப் போனா லிங்க் சாகாம சத்தமில்லாம ஸ்பீட கொறச்சுக்கும். விண்டோஸ்ல நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸ்ல லிங்க் ஸ்பீட் பாத்தா தெரிஞ்சுடும். நாற்காலி சக்கரம் ஏறி ஏறி ஒரு இடத்துல நசுங்கிருந்துச்சு, கேபிள மாத்துனதும் சரி. வீட்டுக்கு கேட் 5இ ரக கேபிளே தாராளம், 100 மீட்டர் வரைக்கும் ஜிகாபிட் போகும், கேட் 8னு காசு கொட்ட வேணாம். அலுமினியத்து மேல காப்பர் பூசி விக்கிற கேபிள மட்டும் தொடாதீங்க.

கம்ப்யூட்டரோட ஐபி (நெட்வொர்க் அட்ரஸ்) 169.254ன்னு ஆரம்பிச்சா ரௌட்டர்கிட்ட இருந்து அட்ரஸ் கிடைக்கல, கம்ப்யூட்டரே ஒண்ண வச்சுக்கிச்சுன்னு அர்த்தம். கேபிள வேற போர்ட்ல மாத்திப் பாருங்க, ரௌட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும்.

ஸ்லீப்ல இருந்து எழுந்தா நெட் வராம இருந்ததுக்கு, டிவைஸ் மேனேஜர்ல அடாப்டரோட பவர் மேனேஜ்மென்ட்ல கரண்ட் மிச்சம் பண்ண அடாப்டர ஆஃப் பண்ணலாம்னு இருக்குற டிக்க எடுத்தேன், அப்புறம் அந்தப் பிரச்சனை வரல.

இன்னமும் எனக்கு கடுப்பு அந்த பிளக்ல இருக்குற பிளாஸ்டிக் கிளிப் தான். ரெண்டு தடவ கழட்டி மாட்டுனா ஒடஞ்சுடுது, அப்புறம் லேசா இழுத்தாலே லூசாகி நெட் விட்டு விட்டு வருது. வாங்கும்போது கிளிப்புக்கு மேல ரப்பர் மூடி இருக்குறதா பாத்து வாங்குங்க.