நேரத்தைக் கைமாற்றாகத் தரும் ஒரு பெற்றோர் குழு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்கென்று நடத்தப்படும் ஒரு குழுவில் 14 மாதங்களாக நானும் என் மனைவியும் உறுப்பினர்களாக இருக்கிறோம். இத்தகைய குழுவில் சேரலாமா என்று யோசிக்கும் பெற்றோர்க்கு, சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அலைச்சல் குறையும் என்பதால் இதை எழுதுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், குழுவை நடத்துபவர்களும் எங்களைப் போலவே இரவுத் தூக்கம் கெட்டவர்கள்.

இதற்கு முன் வேறொரு குழுவில் ஓராண்டு இருந்தோம். அங்கே அழுதோம், ஆறுதல் சொன்னோம், கலைந்தோம். ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் எங்களில் ஒருவர்கூட, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு இரத்தப் பரிசோதனையைப் போய் எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இப்போதைய குழு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

மாதத்திற்கு இரண்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கட்டணம் கிடையாது. பிள்ளைகளின் தெரபி, பள்ளி, பேச்சு ஆகியவற்றைப் பற்றி முதல் அரை மணி நேரம் மட்டுமே பேசலாம். மீதி ஒரு மணி நேரமும் பெற்றோரின் உடம்பையும் மனத்தையும் பற்றியது. இந்த விதி முதலில் எனக்கு எரிச்சலூட்டியது. என் மகனுக்கு 11 வயது. பேச்சு மிகக் குறைவு. அவனைப் பற்றிக் கேட்பதற்கு நூறு கேள்விகளோடு போயிருந்தேன். என் சர்க்கரையைப் பற்றி விசாரித்தால் எப்படி இருக்கும்?

விதிக்குப் பின்னால் யோசனை இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் டைகன்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் அல்லது வேறு குறைபாடுகள் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் 243 பேர் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, 6 வாரங்களுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் பயிற்சி பெற்றார்கள். ஒரு பிரிவுக்கு மூச்சையும் உடலையும் கவனிக்கும் பயிற்சி. மற்றதற்கு நேர்மறை உளவியலைச் சார்ந்த பயிற்சி. இரண்டிலுமே மன அழுத்தமும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. என்னைக் கவர்ந்தது முடிவைவிட, வகுப்பை நடத்தியவர்கள் யார் என்பதே. அவர்கள் மருத்துவர்கள் அல்லர்; தகுந்த பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற, இதே நிலையில் உள்ள பிற தாய்மார்கள். எங்கள் குழுவின் ஒன்றரை மணி நேரக் கணக்கு அங்கிருந்து வந்தது.

உலக சுகாதார நிறுவனம், வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளின் குடும்பங்களுக்கென ஒரு பராமரிப்பாளர் பயிற்சியை வகுத்திருக்கிறது. அதில் 9 குழு அமர்வுகளும் வீட்டுக்கு வந்து பார்க்கும் 3 சந்திப்புகளும் உண்டு. பெற்றோர் தம்மைப் பேணிக்கொள்வது பற்றிய அமர்வு ஒன்பதாவதாக வருகிறது. எங்கள் குழு அதை எடுத்து முதலில் வைத்துக்கொண்டது. ஒன்பதாவது அமர்வு வரை தாக்குப்பிடிக்கும் பெற்றோருக்கு அது அவ்வளவு அவசரமில்லை, முதல் அமர்வுக்கே தட்டுத்தடுமாறி வருபவருக்குத்தான் அவசரம் என்பது ஒருங்கிணைப்பாளர் சொன்ன காரணம். எனக்கு அது சரியாகவே பட்டது.

இந்தச் சேவையின் உயிர்நாடி இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, இணை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் இன்னொரு உறுப்பினர் இணையாக நியமிக்கப்படுகிறார். வாரம் ஒருமுறை இணை தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகளைக் கேட்பார்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மருந்தைத் தவறவிட்டது எத்தனை நாள், மருத்துவரை அடுத்து எப்போது பார்க்கப்போகிறீர்கள். அவ்வளவுதான். ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பதில்லை. கேட்டால் நாம் எல்லோரும் ‘நன்றாக இருக்கிறோம்’ என்றுதான் சொல்வோம், அது பொய்யென்று கேட்பவருக்கும் தெரியும். எண்ணைக் கேட்டால் பொய் சொல்வது கொஞ்சம் கடினம்.

எனக்கு இணையாக வாய்த்தவர் 24 வயது மகனை வளர்க்கும் ஒரு பெரியவர். சேர்ந்த நான்காவது மாதத்தில் ஒரு சந்திப்பின்போது நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கலாம்” என்றார். இடது காலின் அடியில் புண் இருந்தது. சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு வலியே தெரியாமல் போகும் என்பதைப் படித்திருக்கிறேன். படித்தது என் காலுக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை. இரவில் மகன் விழித்து நடக்கும்போதெல்லாம் வெறுங்காலோடு அவன் பின்னால் நடந்திருக்கிறேன். எதை எப்போது மிதித்தேன் என்பது இன்றுவரை தெரியாது.

அந்தப் புண்ணுக்காக மருத்துவமனைக்குப் போக முடிந்ததே இரண்டாவது ஏற்பாட்டால்தான். குழுவில் அதைக் ‘கைமாற்று’ என்று அழைக்கிறார்கள். பணத்தைக் கைமாற்றாக வாங்கி வட்டியில்லாமல் திருப்பித் தருவதுபோல, நேரத்தை வாங்கித் திருப்பித் தருவது. நான் மருத்துவரைப் பார்க்கப் போகும் இரண்டு மணி நேரம் வேறொரு பெற்றோர் என் மகனோடு இருப்பார். அவருக்குத் தேவைப்படும்போது அவருடைய மகளோடு நானோ என் மனைவியோ இருப்போம். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் புதியவர் ஒருவர் திடீரென வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் என் மகன் எப்படி நடந்துகொள்வான் என்பது ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் கைமாற்றுக்கு முன் மூன்று முறையாவது அவர் வந்து, பெற்றோர் வீட்டில் இருக்கும்போதே பிள்ளையோடு பழக வேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளையைப் பற்றி ஒரு பக்கத் தாளும் எழுதித் தர வேண்டும்: எந்தச் சத்தம் ஆகாது, தண்ணீர் வேண்டுமென்றால் என்ன செய்வான், மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் நிலைகுலைந்துபோவது) வந்தால் தொடலாமா கூடாதா, எந்தச் சொல் அவனைத் தணிக்கும். எங்கள் தாளை எழுதி முடிக்க நானும் என் மனைவியும் ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டோம். பதினோரு ஆண்டுகளில் அவனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதிய முதல் தாள் அது. அதிலும் இரண்டு இடங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

இனிக் குறைகள். பெரியது எதுவோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்திப்பு நடக்கும் கூடத்தின் ஒரு மூலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெற்றோர் பேசுவது அவர்கள் காதில் விழுகிறது. பேசாத பிள்ளைக்குக் கேட்காது என்று நாம் எல்லோரும் நம்மை அறியாமலே நடந்துகொள்கிறோம். ‘இவனால்தான் எனக்கு இரத்த அழுத்தமே வந்தது’ என்று ஒருவர் சொன்ன அதே நேரத்தில் அவருடைய மகன் காதுகளைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். சத்தத்திற்காகப் பொத்தினானா, சொல்லுக்காகப் பொத்தினானா என்பதை யார் சொல்ல முடியும்? தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று வல்லுநர்கள் பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தகர்ப்பதில் முன்நின்ற பெர்னார்ட் ரிம்லண்ட் உளவியலாளர் மட்டுமல்லர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் ஆவார். பெற்றோர் மீது சுமத்தப்பட்ட அந்தப் பழியை இறக்கிவைக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு, அதைத் திருப்பிப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா? தனி அறை வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டோம். இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்தது, ஒருங்கிணைப்பாளரின் நிலை. இணைகளைப் பொருத்துவது, கைமாற்றுக் கணக்கு, புதியவர்களின் தொலைபேசி எல்லாம் ஒரே தாயின் தோளில் இருக்கின்றன. மற்றவர்களின் மூன்று கேள்விகளையும் கண்காணிப்பவரை யாரும் கேட்பதில்லை. அவருக்கும் ஓர் இணை உண்டு என்பது ஏட்டளவில்தான் இருக்கிறது. குழுவின் நோக்கத்துக்கே இது முரண்.

தந்தையர் வருகை மிகக் குறைவு. சில சந்திப்புகளில் நானும் என் இணையும் மட்டுமே ஆண்கள்.

‘குணப்படுத்தும்’ மருந்துகளை யாரும் இங்கே பரிந்துரைக்கக் கூடாது என்ற விதி கறாராக இருப்பதைப் பாராட்ட வேண்டும். குளோரின் டை ஆக்சைடு என்னும் வெளுக்கும் வேதிப்பொருளைக்கூட ஆட்டிசத்துக்கு மருந்தென்று விற்றவர்கள் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கெதிராக எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஒருமுறை ஓர் உறுப்பினர், வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு வேறெதையோ கொடுக்கலாம் என்று பேச்சைத் தொடங்கியதும் ஒருங்கிணைப்பாளர் குறுக்கிட்டு நிறுத்தினார். அந்த மாலை சற்றுக் கசப்பாக முடிந்தது, ஆனால் முடிய வேண்டிய விதத்தில்தான் முடிந்தது.

யாருக்கு இந்தக் குழு பொருந்தாது? ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்க்கும் மனநல மருத்துவரே முதலில் தேவை. மூன்று கேள்விகள் அதற்கு ஈடாகா. இதைக் குழுவே முதல் நாளில் சொல்லிவிடுகிறது. பிள்ளைக்குச் சில மாதங்களுக்கு முன்தான் ஆட்டிசம் என்று உறுதியாகி, தகவலுக்காக அலைந்துகொண்டிருப்பவர்க்கும் முதல் அரை மணி நேரம் போதாது. அவர்கள் வேறோர் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

புண் ஆற இரண்டரை மாதங்கள் ஆயின. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4 சதவீதத்திலிருந்து 7.7க்கு வந்திருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அந்தக் காலத்தில்தான் இன்னொரு குறை கண்ணில் பட்டது. முன்கூட்டியே தெரிந்த மருத்துவமனைப் பயணத்துக்குக் கைமாற்று இருக்கிறது. நள்ளிரவில் பெற்றோரில் ஒருவர் மயங்கி விழுந்தால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை. இதை எழுதிக் கொடுத்தேன். நீங்களே ஒரு படிவம் தயாரியுங்கள் என்று பதில் வந்தது. பிள்ளையைப் பற்றிய தாளின் பின்பக்கத்திலேயே அதை அமைத்திருக்கிறேன்: பெற்றோரின் நோய்கள், மருந்துகள், மருத்துவரின் எண், இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு பேர். எங்கள் தாளில் முதல் பெயருக்கு நேராக என் இணையின் பெயர் இருக்கிறது. இரண்டாவது இடம் இன்னும் காலி.