தேங்காயெண்ணெய் குடித்த ரைஃபிள்: எட்டு வருட அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து சித்தப்பா மகன் போன வாரம் போன் போட்டான். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாம். தெரிந்த ஒருவர் பழைய பாயிண்ட் 22 ரைஃபிள் ஒன்றைக் கைமாற்றப் போகிறாராம். "உங்ககிட்ட இருக்கிற மாதிரியேதான் அண்ணா, செக்கோஸ்லோவாக்கியா சரக்கு. வாங்கட்டுமா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போன மாதம்தான் என்னுடையது ரிப்பேர் ஆகி வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது.

இதைத் தாத்தா வாங்கியது தேயிலை எஸ்டேட் வேலையில் இருந்தபோது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு இது காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. அப்பாவிடம் இருந்து, அவர் போன பிறகு என் பெயருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. மாதம் ஒரு முறை குன்னூரிலிருந்து இறங்கிக் கோயம்புத்தூரில் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவேன். 50 மீட்டரில், நல்ல நாளில், ஐந்து தோட்டாவும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். தோளில் உதை என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

குறை இருப்பது சுட்ட பிறகு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடி வைத்த உருளைதான் போல்ட். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலிக் கேஸ், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, வலது பக்கம் துள்ளி விழ வேண்டும். கடந்த இரண்டு வருடமாக அது தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது. சில நேரம் தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலேயே உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் பாதி தூரம் வந்து, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசீன் மேல் படுத்துக்கொள்ளும். பத்துக்கு நான்கு முறை இப்படி. பக்கத்து லேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகச் சுட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பேனாக்கத்தியை வைத்து நோண்டிக்கொண்டிருப்பேன். (கத்தி வைத்து நோண்டக் கூடாது. சேம்பர் விளிம்பில் கீறல் விழும். ஆத்திரத்தில் செய்ததுதான்.)

இதில் முதலில் பார்க்க வேண்டியது, கேஸ் எங்கே நின்றது என்பது. சேம்பருக்குள்ளேயே நின்றால் பிடித்து இழுக்கும் கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், வழுக்குகிறது. அல்லது கேஸ் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. வெளியே வரை வந்தும் துள்ளவில்லை என்றால், கேஸைத் தட்டிவிடும் எஜெக்டரைப் பார்க்க வேண்டும். அல்லது கொக்கியின் பிடி போதாமல் தட்டுவதற்கு முன்பே கேஸ் நழுவியிருக்கும். எனக்கு இரண்டு விதமாகவும் நடந்தது. ஆக, சந்தேகம் கொக்கி மேல் போனது.

பாயிண்ட் 22 தோட்டா ரிம்ஃபயர் வகை. அதில் பற்றவைக்கும் மருந்து கேஸின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியால் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறோம். நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லிசாக இருக்க வேண்டும். விளிம்பின் தடிமன் மொத்தமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கொக்கி பிடிப்பதும் அதே விளிம்பைத்தான். போதாததற்கு ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். மெழுகு, ஈயத்தூள், எரிந்ததும் எரியாததுமான மருந்து எல்லாம் சேர்ந்து கொக்கியின் அடியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். கொக்கி அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் பிடி போச்சு.

என் விஷயத்தில் இந்தக் கலவைக்கு இன்னொரு சாமானும் இருந்தது: தேங்காயெண்ணெய். தாத்தா காலத்துப் பழக்கம். இரும்பு என்றால் தேங்காயெண்ணெய் தடவு. 2024 தேர்தலுக்கு லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது, ஈரத்தில் துரு ஏறிவிடுமே என்று போல்ட் முழுக்க நானே வழிய வழியத் தடவிக் கொடுத்தேன். ஜூன் 4 முடிவு வந்த பிறகு திரும்ப வந்தது. துரு ஒரு புள்ளி இல்லை. பெருமையாக இருந்தது. ஆனால் தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். குன்னூர் வீட்டில் அந்தப் பாட்டில் பெரும்பாலும் கட்டியாகத்தான் நிற்கும், வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். இது தெரிந்த மனுஷனுக்கு, போல்ட்டிலும் அப்படித்தான் உறையும் என்பது தெரியவில்லை. கோயம்புத்தூர் வெயிலில் உருகிக் கரியைச் சேர்த்துக்கொண்டு, மலை ஏறியதும் அப்படியே கட்டியாகிவிடும். மாதத்துக்கு ஒரு பூச்சு. கொக்கிக்கு அடியில் மெழுகுவர்த்தி வார்த்த மாதிரி.

சுத்தம் செய்த கதைக்கு வருகிறேன். மேகசீனைக் கழற்றி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை வைத்தும் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றது. டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் போல்ட் முழுசாகக் கையோடு வந்துவிடும். அதை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததில் டம்ளர் அடியில் காப்பித் தூள் மாதிரி மண்டி. ஆனால் கொக்கி உட்காரும் பள்ளத்துக்குள் பிரஷ் போகாது. கம்பி வைத்தால் கீறும். கடைசியில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவிக் கிளறினேன். அங்கிருந்து வந்தது அழுக்கு என்று சொல்ல முடியாது, ஒரு வார்ப்பு. கொக்கியின் உட்பக்க வளைவு அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

கொக்கிகளைப் பிடித்திருப்பது போல்ட்டைச் சுற்றிய ஒரு வளையக் கிளிப். கழற்றுவதாக இருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள். நான் முதல் தடவை அப்படிச் செய்யவில்லை. இரண்டு மணி நேரம் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியதில், அது மனைவியின் செருப்புக்குள் கிடந்தது.

பேரலுக்குள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாயிண்ட் 22-வில் குழலைக் கெடுப்பது சுடுவதைவிடத் துடைப்பதுதான். அதுவும் முன்வாயிலிருந்து கம்பி விட்டால் குறி போய்விடும். சேம்பர் கதை வேறு. பித்தளை பிரஷ்ஷைப் பின்பக்கமாக விட்டு, கம்பியோடு சேர்த்துப் பத்துச் சுற்று. கேஸ் வாய் முடிகிற இடத்தில் வளையமாகக் கரி கட்டியிருந்தது. தாத்தா காலத்தில் குட்டைத் தோட்டாக்களையும் இதில் போடுவார்கள். குட்டைக் கேஸ் முன்னாலேயே முடிந்துவிடுவதால் கரி உள்ளே தங்கி, நீளத் தோட்டாவை இறுக்கும்.

அடுத்த ரேஞ்ச் நாளில் பத்துக்கு நான்கு என்பது ஒன்றாகக் குறைந்தது. யாராக இருந்தாலும் இதோடு திருப்திப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்த ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது. எப்போதும் வராமல் இருந்தால் கோளாறு என்று விட்டுவிடலாம். ஒன்பது முறை வந்து பத்தாவது முறை முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

சுட்ட கேஸ் பத்தைப் பொறுக்கி வந்து, எவர்சில்வர் தட்டில் நிற்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். பத்திலும் ஒரே கீறல். மெல்லிய, பளபளப்பான நேர்கோடு. ஊசி அடித்த தடத்துக்கு நேர் கீழே ஆரம்பித்துப் பக்கவாட்டில் ஓடியது. ஒன்றிரண்டில் இருந்தால் தற்செயல் என்று விடலாம். பத்திலும் ஊசித் தடத்துக்கு நேராகவே இருந்தால் சேம்பர் வாயில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கோயம்புத்தூரில் லைசென்ஸ் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். சேம்பர் வாயில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, வீட்ல சின்னப் பசங்க யாராச்சும் தோட்டா இல்லாம டிரிக்கர் அடிச்சு வெளையாடுனாங்களா?"

"பசங்க இல்லீங்க. நான்தான்."

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. தாத்தா மத்தியானம் தூங்கும்போது பீரோ சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். போல்ட்டை இழுத்து, தள்ளி, டிக். இழுத்து, தள்ளி, டிக். ஒரு மாதம். தோட்டா இருந்தால் ஊசி மெல்லிய பித்தளையில் இறங்கும். இல்லாதபோது நேராகச் சேம்பர் விளிம்பில் போய் இறங்கும். என் ரைஃபிளில் அப்படித்தான் அடித்து அடித்து விளிம்பு நசுங்கி, இரும்பு உள்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. இத்தனை வருடம் கொக்கி பலமாக இருந்ததால் இழுத்துவிட்டது. எண்ணெயும் கரியும் சேர்ந்து அதன் பிடியைத் தளர்த்தியதும் பழைய பாவம் மேலே வந்துவிட்டது.

"ராவி எடுத்துடலாமா?" என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. ராவினால் இருக்கும் இரும்பும் போய், அந்த இடத்தில் கேஸ் உப்பி நிற்குமாம். வழவழவென்று கூராகச் சீவிய கெட்டி இரும்புக் குச்சியை உள்ளே விட்டு, பிதுங்கியதை வந்த வழியே அழுத்தித் தள்ளினார். அவ்வளவுதான். பத்து நிமிடம், அறுநூறு ரூபாய். போல்ட்டை மோந்து பார்த்துவிட்டு "இதுல என்ன பணியாரமா சுட்டீங்க?" என்று கேட்டதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இப்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, போல்ட் உடம்பில் தடவித் துடைத்துவிடுவேன். போல்ட்டைத் தூக்கும்போது உரசும் சரிவில் பொட்டு வைக்கிற அளவு கிரீஸ். கொக்கிக்கும் சேம்பருக்கும் ஒன்றும் கிடையாது, உலர்ந்தே இருக்க வேண்டும். டிரிக்கர் பழக வேண்டுமென்றால் சுட்ட கேஸ் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பி வைக்கிறேன்.

ரிப்பேருக்குப் பிறகு 150 தோட்டா ஆயிற்று. ஒன்றுகூட நிற்கவில்லை. காலிக் கேஸ் வலது பக்கம் துள்ளி சிமென்ட் தரையில் விழும் சத்தத்துக்காகவே சுடுகிறேனோ என்று தோன்றுகிறது.

நேற்று தம்பிக்குப் போன் போட்டேன். வாங்காதே என்றேன். ஐம்பது வருஷத்துப் பொருள், யார் வீட்டுப் பையன் எத்தனை லீவுக்கு டிக் டிக் என்று அடித்தானோ தெரியாது. ஸ்பேர் கிடைக்காது, தோட்டா விலை கேட்டால் வயிறு எரியும், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும். பேசாமல் பாயிண்ட் 177 ஏர் ரைஃபிள் வாங்கு, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸே வேண்டாம் என்றும் சொன்னேன்.

"சரிண்ணா, அப்போ அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான்.

அதெல்லாம் இப்போதே சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சேம்பரை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றேன். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.